பிரிக்காத பெட்டிகள்

கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நுழைவாள் சின்னவள். அதற்குமேல் அந்தக் கதவு திறக்காது. பின்னால் பெட்டிகள் தடுக்கும். நுழைந்ததும் ஜன்னல் திரையை விலக்கமாட்டாள். வெயில் பட்டால் அட்டையின் சாயம் வெளுத்துவிடும். கண் இருட்டுக்குப் பழகியதும், துவைத்துத் துவைத்து நைந்துபோன ஒரு பருத்தித் துணியை உதறி மேலடுக்கிலிருந்து துடைக்க ஆரம்பிப்பாள். ஈரம் கூடாது, அழுத்தம் கூடாது, ஓரத்து அட்டை மடியக் கூடாது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் இருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடியை வட்டமாக ஒரு சுற்று துடைத்து, உள்ளே நிற்கிற ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவாள். முஷ்டியை முறுக்கிய நீல உடைக்காரன், விரித்த இறக்கையோடு ஒருத்தி, பாதி முகம் இரும்பாகிப்போன ஒருவன், முதுகெல்லாம் பனிக்கட்டி முளைத்த ஒருவன். சினிமாவிலும் படக்கதையிலும் உலகத்தையே தூக்கி நிறுத்துகிறவர்கள். இங்கே எல்லோரும் கழுத்திலும் இடுப்பிலும் மெல்லிய கம்பியால் அட்டையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தார்கள்.

"மூச்சு முட்டலையா உள்ள?" என்று வெளியிலிருந்து அண்ணி கேட்பாள்.

"யாருக்கு அண்ணி? எனக்கா, இவங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"பழகிப்போச்சு."

சின்னவள் என்பது அண்ணனுக்கும் அக்காவுக்கும் பிறகு பிறந்தவள் என்பதால் வந்த பெயர். ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது, முன்னந்தலையில் நரை அகலமாக ஓடுகிறது, அப்படி அழைக்க ஆரம்பித்த அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சின்னவள் மட்டும் சின்னவளாகவே நின்றுவிட்டாள். கல்யாணப் பேச்சு வந்ததுண்டு. வந்த வேகத்தில் போனதும் உண்டு. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவளைக் கேட்டால், "யாருக்கு ஞாபகம் இருக்கு, விடுங்க" என்பாள்.

மாத்திரை தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்க வெள்ளை விளக்குக்குக் கீழே நின்றபடி, ஓடும் பட்டையில் வருகிற மாத்திரை அட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். மாத்திரை விழாத குழி, பாதியில் உடைந்தது, ஓரம் சரியாக ஒட்டாதது என்று கண்ணில் பட்டதைப் பொறுக்கி எடுத்துப் பக்கத்துக் கூடையில் போடவேண்டும். சீல் பார்க்கிற அக்கா என்பதைச் சுருக்கி, கூட வேலை பார்க்கும் பெண்கள் அவளுக்குச் சீலக்கா என்று பேர் வைத்திருக்கிறார்கள். "சீலக்கா வர்றாங்க, வாயை ஒட்டுங்கடி" என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். ஈரத்தை உறிஞ்சுவதற்காக மருந்து டப்பாக்களுக்குள் போடுகிற குட்டிப் பொட்டலங்களில் வீணானவற்றைக் கேட்டு வாங்கி, பையில் போட்டுக்கொண்டு வருவாள். அவை பெட்டிகளின் இடுக்குகளில் செருகப்படும். ஒன்றிரண்டு அவள் வேலைக் கோட்டின் பையில் தங்கி, துவைக்கும்போது வெடித்து, வீட்டார் எல்லோருடைய துணியிலும் சின்னச் சின்ன மணிகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். அண்ணன் தன் பனியனிலிருந்து அதைக் கிள்ளி எடுத்துக்கொண்டே, "இந்த வீட்ல மனுஷங்களுக்குத்தான் ஈரம் பிடிக்குது" என்பார்.

இந்தப் பைத்தியம் பிடித்தது அண்ணன் மகனால்தான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சினிமாவுக்குக் கூட்டிப்போனாள். திரும்பும் வழியில், படத்தில் பார்த்த நாயகனையே கடையில் பெட்டிக்குள் பொம்மையாகப் பார்த்துவிட்டு அவன் தரையில் உட்கார்ந்து அழுதான். வாங்கிக் கொடுத்தாள். வீடு வந்து சேர்வதற்குள் பெட்டி கிழிந்தது, சாப்பாட்டு நேரத்தில் ஒரு கை கழன்றது, மறுநாள் அந்த நாயகன் தலையில்லாமல் குளியலறை வாளியில் மிதந்தான். அடுத்த மாதம் அதே போல ஒன்று வாங்கினாள். இந்தமுறை அவனிடம் கொடுக்கவில்லை. தன் அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். தினமும் வேலைக்குப் போகுமுன் பார்த்துவிட்டுப் போனாள். கசங்காமல், கலையாமல், அன்று வாங்கியது போலவே நின்றது. அதற்குத் துணைக்கு இன்னொன்று. பிறகு அலமாரி, பிறகு கட்டிலடி, பிறகு சுவர்.

"பிரிச்சுப் பாத்தா என்னடி?" என்று அண்ணி ஒருமுறை கேட்டாள்.

"பிரிச்சா போச்சு அண்ணி."

"என்ன போச்சு?"

"எல்லாம் போச்சு."

அண்ணிக்கு அது புரியவில்லை. புதுப் பாத்திரம் வாங்கினால் அன்றே அடுப்பில் ஏற்றுகிற பெண்மணி அவள்.

ஆனால் இந்தச் சேகரிப்புக்காரர்களின் உலகத்தில் அதுதான் முதல் சட்டம். கடைத்தெருவின் கடைசியில், மாடிப்படிக்குக் கீழே குகை மாதிரி ஒரு கடை. அதை நடத்துபவர் ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருப்பவர். அவர் சொல்வார்: "பிரிச்சது பொம்மை. பிரிக்காததுதான் சரக்கு." ஒரு பெட்டி வாங்க சின்னவள் அங்கே அரைநாள் எடுத்துக்கொள்வாள். ஒரே மாதிரிப் பெட்டிகள் எல்லாவற்றையும் வரிசையாக இறக்கச் சொல்லி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மூலை மழுங்கியிருக்கிறதா, ஒட்டு விட்டிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்ப்பாள். கண்ணுக்குப் பூசிய வர்ணம் நேராக இருக்கவேண்டும். ஒரு கண் இவளையும் ஒரு கண் கூரையையும் பார்த்தால் அந்த ஆள் தேறமாட்டான்.

"மாப்பிள்ளை பாக்கறீங்களாக்கா?" என்பார் கடைக்காரர்.

"மாப்பிள்ளைன்னா திருப்பி எடுத்துக்கமாட்டாங்களே. நீயாவது எடுத்துப்ப."

விலைச்சீட்டைப் பிய்க்கவும் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. தலைமுடி உலர்த்தும் கருவியால் சீட்டின்மேல் சூடு காட்டி, பசை இளகியதும் நகம் படாமல் உரித்தெடுப்பாள். அந்தக் கருவி அவள் தலைக்கு ஒருநாளும் போனதில்லை.

சம்பளத்தில் பாதிக்குமேல் வீட்டுச் செலவுக்கு அண்ணியின் கையில் போய்விடும். மிச்சமெல்லாம் சுவரோரம் அடுக்காக ஏறியது. நகையென்று காதில் ஒரு பொட்டு. வங்கியில் பேருக்கு ஒரு கணக்கு. அதைப் பற்றி யாராவது கேட்டால், "எனக்கு யாரு இருக்கா சேத்து வெக்க" என்பாள். குறையாகச் சொல்லமாட்டாள், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொல்வாள்.

அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதுவரை கூடத்துச் சோபாவில் கால்மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தவன். வீட்டில் இருப்பவை இரண்டே படுக்கையறைகள். ஒன்றில் அண்ணனும் அண்ணியும், இன்னொன்றில் சின்னவளும் அவளுடைய ஆட்களும். சமையலறையை ஒட்டி ஜன்னலில்லாத சாமான் அறை ஒன்று. புது மருமகள் எங்கே படுப்பாள் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே அது வீடு முழுக்கச் சுற்றிவந்தது. அத்தையின் அறைப்பக்கம் போகும்போது மட்டும் கல்யாணப் பையன் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனான்.

கல்யாண வேலை பார்க்கிற சாக்கில் வந்திருந்த தூரத்துப் பெரியம்மா ஒருத்தி, கதவிடுக்கு வழியாக அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். "பெட்டியையும் பிரிக்கல, இவளையும் யாரும் பிரிக்கல. பொருத்தமாத்தான் இருக்கு" என்றாள், சின்னவள் காதில் விழும்படியாகவே. டீயோடு வந்த அண்ணி, பெரியம்மா கைநீட்டும் நேரத்தில் தம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஆறிப்போச்சு பெரியம்மா, சூடு பண்ணிக் கொண்டாறேன்." உள்ளே போனவள் அந்த அம்மாள் கிளம்பிப் போகும்வரை வெளியே வரவில்லை. டீயும் வரவில்லை.

அண்ணி அப்படித்தான். இந்த வீட்டுக்கு வந்த நாளில் சின்னவளுக்குத் தலைபின்னிவிட்டவள். காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் பாய்போட்டுப் படுத்தவள். அவள் மனதில் இருப்பது வாய்க்கு வராது, கைக்குத்தான் வரும்.

ஒருநாள் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சமையலறை ஜன்னல் வழியாக அண்ணனின் குரல் கேட்டது. "அவளை எங்க வேணா படுக்க வெக்கலாம். அந்தப் பெட்டிங்களை எங்க படுக்க வெக்கிறது? அக்கா வீட்ல மாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு. அவளை அங்க அனுப்பிடலாம்." அண்ணி ஏதோ பதில் சொன்னாள். குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் விழுகிற சத்தத்தில் அது கேட்கவில்லை. சின்னவள் ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் குழாய் நிற்கும்வரை நின்றாள். குழாய் நின்றபோது பேச்சும் நின்றிருந்தது.

அக்கா வீடு வேறு ஊர். அத்தான் படுத்த படுக்கையாகி வருஷக்கணக்காகிறது. மாடி அறைக்குப் போகிறவள் கீழே எத்தனை தடவை ஓடவேண்டியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அங்கே போனால் வேலையை விடவேண்டும். வேலையை விட்டால் பிறகு தன் சோப்புக்கும் சீப்புக்கும்கூட யாரிடமாவது கேட்டு நிற்கவேண்டும்.

தொழிற்சாலைக்குப் பின் தெருவில் ஒற்றை அறை ஒன்று காலியாக இருப்பதாக ஒரு பெண் சொன்னாள். போய்ப் பார்த்தாள். மாடியில் தனி வாசல், மூலையில் ஒரு மேடையும் குழாயும், கிழக்கே ஒரு ஜன்னல். வீட்டுக்கார அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்து, "தனியாவா? வேற யாரும் வரமாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"வர்றதுக்கு யாரும் இல்லைங்க."

"அப்ப சரி. முன்பணம் மட்டும் முழுசா குடுத்துடணும்."

அங்கிருந்து நேராக மாடிப்படிக்கடைக்குப் போனாள். எப்போதும் போல ஷெல்ஃப் பக்கம் திரும்பாமல், "என்கிட்ட இருக்கறதெல்லாம் எடுத்துக்கறியாப்பா?" என்றாள். கடைக்காரர் தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"எல்லாத்தையுமாக்கா?"

"எல்லாத்தையும்."

"ஒண்ணுகூடப் பிரிக்கலல்ல?"

"நீயே வந்து பாரு."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு. நீங்க வெச்சிருக்கற பெட்டி மாதிரி யாருகிட்டயும் கிடையாது. ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன்." அவர் சொன்ன தொகை முன்பணத்துக்குப் போதும். ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கிக்கொள்ளவும் போதும்.

திரும்பி வரும்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்ற யோசனைதான் வந்தது. அந்த அறையில் வெளுத்துப்போக ஒன்றும் இருக்காது, ஜன்னலைத் திறந்தே வைக்கலாம் என்று தோன்றியது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் "எதுக்கு அவசரம்" என்று வாயால் கேட்பார், முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்காரும். அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி வாசலுக்கு வந்த பிறகு தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டாள். அண்ணியிடமாவது சொல்லியிருக்கலாம். வெங்காயம் உரித்துக்கொண்டே இரண்டுமுறை வாயெடுத்தாள். அந்த வாரம் முழுக்க அண்ணியும் எதையோ வாய்க்குள் அடக்கிக்கொண்டிருப்பவள் போலத்தான் தெரிந்தாள். தன்னை அனுப்புகிற விஷயமாகத்தான் இருக்கும் என்று எண்ணி, பேச்சு அந்தப் பக்கம் போகாமல் சின்னவள் எழுந்து போய்விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து தெருவுக்குள் நுழைந்தபோது பழைய பேப்பர்காரர் எதிரே வந்தார். வண்டியில் அட்டைகள் தட்டையாக மடித்து ஆளுயரத்துக்குக் கட்டப்பட்டிருந்தன. சாம்பல் நிற உட்பக்கம் வெளியே தெரிய மடித்திருந்ததால் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வழிவிட்டு ஓரமாக நின்றாள்.

அறைக் கதவை வழக்கம்போல ஒரு சாண் தள்ளினாள். அது சுவரில் போய் இடிக்கும்வரை திறந்தது. உள்ளே கழுவிவிட்ட தரை. திரையைக் கழற்றிய ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் நேராக எதிர்ச்சுவரில் விழுந்திருந்தது. பெட்டிகள் நின்ற இடத்தில் சுவரின் பழைய வர்ணம் படிக்கட்டு மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

"அங்க என்ன பாக்கற? அது இனிமே புதுப் பொண்ணு ரூம்பு. இங்க வா, இங்க வா." அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சாமான் அறைக்கு இழுத்துப்போனாள்.

பழைய சாமான்களையெல்லாம் பரணில் ஏற்றி, சுவருக்கு வெள்ளையடித்து, சின்னவளின் கட்டிலை உள்ளே போட்டிருந்தாள். கட்டிலுக்கு மேலே நீளமாக ஒரு பலகை. அதன்மேல் எல்லோரும் நின்றார்கள். அட்டைக்குள்ளும் கண்ணாடிக்குள்ளும் தனித்தனியே நின்றவர்கள், கடைசிப் பேருந்தில் ஏறிய கூட்டம் போலத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். இறக்கைக்காரியின் இறக்கை ஒன்று பக்கத்தில் இருந்தவன் கழுத்துக்குள் செருகியிருந்தது. நீல உடைக்காரன் நிற்கமாட்டாமல் சுவரில் சாய்ந்திருந்தான்.

"ஒருத்தரையும் விடல, எண்ணி வேணா பாத்துக்கோ" என்றாள் அண்ணி. "பெட்டிதான் சின்னவளே இடத்தை அடைச்சிட்டிருந்தது. பிரிச்சாதான் தெரியுது, உள்ள ஆளு இத்துனூண்டு, மிச்சமெல்லாம் காத்து. காத்துக்கா இத்தனை வருஷமா ஒரு ரூம்பு குடுத்தோம்? கத்தி, கேடயம், மாத்திப் போடற கை எல்லாம் அந்த டப்பாவுல இருக்கு. எது யாருதுன்னு எனக்கு விளங்கல. லீவு நாள்ல உக்காந்து மாட்டிக்கோ, உனக்கும் பொழுது போகும்."

சின்னவள் டப்பாவைப் பார்த்தாள். ஊறுகாய் டப்பா. அது நிறைய விரல் நுனி அளவுக் கைகள்.

"அட்டையெல்லாம்?"

"பேப்பர்காரருக்குப் போட்டுட்டேன். நல்ல கனமான அட்டையாம், வாயெல்லாம் பல்லா எடுத்துட்டுப் போனாரு." அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "உன்னை உங்கக்கா வீட்டுக்கு அனுப்பலாம்னாரு உங்கண்ணன். சின்னவ ஏறுற வண்டியில நானும் ஏறிடுவேன்னு சொல்லிட்டேன். அந்தப் பெட்டிங்களை என்ன பண்ணுவேன்னாரு. பெட்டிதானே உங்களுக்குக் குத்துது, சனிக்கிழமைக்கு மேல இருக்காதுன்னேன். சரின்னுட்டாரு மனுஷன். உனக்குத் திடுதிப்புனு காட்டணும்னுதான் வாரம் பூரா அடக்கிக்கிட்டு இருந்தேன். இனிமே உன்னை யாரும் அசைக்க முடியாது. கடைசி வரைக்கும் இங்கதான் இருப்ப."

வாசல்பக்கம் வந்து நின்ற அண்ணன் தொண்டையைச் செருமினார். "என்ன, இடம் போதுமா?" என்றார்.

"போதும் அண்ணே."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அண்ணி இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிச்சிருக்கா என்று கேட்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டேதான் நின்றாள். சின்னவளின் பைக்குள் போன் அடித்தது.

"அக்கா, வண்டிக்குச் சொல்லிட்டேன். காலைல வந்துடவா, மத்தியானமா?" கடைக்காரரின் குரல்.

"வேணாம்ப்பா. வராத."

"ஏன்க்கா, வேற யாராவது எடுத்துக்கிட்டாங்களா?"

"ஆமா."

"என்னைவிட அதிகமா குடுத்தாங்களா?"

அவள் பலகையில் நின்றவர்களைப் பார்த்தாள். "ஆமாப்பா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

"யாரு?" என்றாள் அண்ணி.

"வேலை விஷயம்."

"வேலை விஷயம்னா முகம் ஏன் இப்படிப் போகுது? உக்காரு, டீ வெக்கறேன்."

திரும்பப் போன அண்ணியின் கையைச் சின்னவள் பிடித்து நிறுத்தினாள். அப்போதுதான் கவனித்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், உள்ளங்கை ஓரம் என்று எங்கு பார்த்தாலும் மெல்லிய சிவப்புக் கீறல்கள். நடுவிரலில் கிழிந்த துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். துணியில் ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது.

"அந்தக் கண்ணாடி பிளாஸ்டிக் கத்தியைவிட மோசம்டி. கத்திரிக்கோலும் இறங்கமாட்டேங்குது. கம்பி வேற, ஒவ்வொருத்தனையும் கொலைக்குற்றவாளி மாதிரி முறுக்கி வெச்சிருக்கான்."

"உக்காருங்க."

கட்டிலில் அவளை உட்காரவைத்து, எதிரே தரையில் அமர்ந்தாள். கைப்பையிலிருந்து மருந்துக் குழாயை எடுத்தாள். நடுவிரலின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, ஒட்டிக்கொண்டிருந்த துணியை எச்சில் தொட்டு நனைத்துப் பிரித்தாள். வெட்டு ஆழமாகத்தான் இருந்தது. மருந்தைப் பிதுக்கி, அதன்மேல் விரலை வைத்துத் தேய்த்தாள்.

"எரியுதா?"

"இல்ல" என்றாள் அண்ணி.

சின்னவள் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். அண்ணியின் கண்ணில் நீர் கோத்தது, ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சின்னவள் நிமிர்ந்து பார்க்காமல் அதே அழுத்தத்தோடு அடுத்த விரலுக்குப் போனாள்.